கட்டைவிரல் உட்காரும் இடம்

பெட்டியை இறக்கி வைக்கும் முன்னால் ஒருவன் "விரல்!" என்று கத்த வேண்டும். எதிர்முனையில் பிடித்திருப்பவன் "இல்ல!" என்று பதில் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் கையை விடுவார்கள். டைல்ஸ் குடோனில் இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டியிருந்தாலும் நின்று படிக்க அங்கே யாருக்கு நேரம்? தும்மல் வருகிற மாதிரி அது தானாக வாயில் வந்துவிடும்.

அன்றைக்கு ஒரு முனையில் பிடித்திருந்த மொட்டை "விரல்!" என்றான். டொம்மு "இல்ல!" என்றார். ஆனால் விரல் இருந்தது.

பெட்டி பெட்டியோடு உரசிய நொடியில் டொம்முவின் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. மொட்டைதான் அலறினான். அலறிக்கொண்டே தன் பக்கத்தை முட்டியால் முட்டித் தூக்கினான். அந்த இடைவெளியில் டொம்மு கையை உருவிக்கொண்டார். கட்டைவிரல் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. நகத்தின் ஓரம் மட்டும் கறுத்து, அதைச் சுற்றி ரத்தம் கோடு கட்டியது.

"அண்ணே, இல்லன்னு சொன்னீங்களே! இல்லன்னுதானே சொன்னீங்க?" மொட்டைக்கு மூச்சு வாங்கியது. தலை முழுக்க வியர்வை.

"இல்லன்னுதான்டா நெனச்சேன்."

"நெனச்சீங்களா? இது என்ன லாட்டரிச் சீட்டா, நெனச்சுப் பாக்க? என்னைக் கொலைகாரனாக்கப் பாத்தீங்களே!"

டொம்மு கையை உதறியபடி விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். வலியைவிட வேறொன்றுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை வருடத்தில் அந்த விரல் ஒரு நாளும் அங்கே உட்கார்ந்ததில்லை. பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பட்டைக்குள் நாலு விரலையும் கொக்கி மாதிரி மாட்டித்தான் தூக்குவார்கள். கட்டைவிரல் மட்டும் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். பெட்டியின் பக்கவாட்டில் அது சாய்ந்தால் போச்சு, பக்கத்துப் பெட்டி அதை நசுக்கிவிடும். புதிதாக வருகிறவனுக்கு முதல் வாரம் முழுக்க வசவு இதற்காகத்தான். டொம்முவும் அந்த வசவை வாங்கித்தான் கற்றுக்கொண்டார். கற்றதைக் கை மறக்கவே இல்லை, இன்று வரைக்கும்.

மறக்கடித்தது அவரேதான். சாயங்காலம் தோறும் உட்கார்ந்து, பிள்ளைக்குப் பழக்குவது போல, "உக்காரு, உக்காரு" என்று அந்த விரலுக்குப் பழக்கிக் கொடுத்தது அவர்தான்.

வேலை முடிந்து வெளியே வரும்போது கேட்டில் இருந்தவர் கூப்பிட்டார். அவரும் ஒரு காலத்தில் பெட்டி தூக்கியவர். வலது கையில் கட்டைவிரல் இல்லை, அந்த இடம் உருண்டு மழுங்கியிருக்கும். இப்போது வருகிற லாரிக்குக் கேட்டைத் திறந்து மூடுவதுதான் அவர் வேலை. பட்டன் போட முடியாது என்பதால் எந்நாளும் பனியன்தான்.

"என்ன டொம்மு, இன்னைக்கு நம்ம கட்சியில சேரப் பாத்தியாமே?"

"அட போங்கண்ணே."

"சேராதே. கஷ்டம் ஒண்ணும் இல்ல, ஆனா யாருக்கும் லைக் மட்டும் போட முடியாது." மழுங்கிய இடத்தைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

டொம்முவும் சிரித்து வைத்தார். தெருமுனை திரும்பும் வரைக்கும் வலது கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டே நடந்தார்.

டொம்மு என்பது அவருக்குக் குடோனில் வைத்த பெயர். மச்சினனின் பாட்டுக் குழுவில் அவர் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். அதில் வருகிற சத்தம் டொம், டொம் என்றுதான் குடோன் ஆட்கள் காதில் விழுந்தது, பெயரும் அதுவாகவே ஒட்டிக்கொண்டது. முன்பு வாசித்தவன் வெளியூர் போனபோது, மச்சினன் அந்த நாலு கம்பி வாத்தியத்தை இவர் தோளில் மாட்டி, "மாமா, கனமான சாமான். நம்ம வீட்டுல கனம் தூக்குற ஆள் நீங்கதான்" என்றான். கேலிக்குச் சொன்னதுதான். ஆனால் அன்றைக்கு மாட்டிய பட்டையை டொம்மு இன்னும் கழற்றவில்லை.

யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி நடக்க வேண்டும் என்பதை மற்றவர்களைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். எப்படித் தட்டுவது, எவ்வளவு இழுப்பது என்பதைக் கை தன் பழக்கத்திலிருந்தே எடுத்துக்கொண்டது. கம்பிக்கு அடியில் விரலைக் கொக்கி போல மாட்டி, வெளிப்பக்கம் இழுத்து விடுவார். கட்டைவிரல் அந்தரத்தில். பெட்டி தூக்குகிற அதே கை. கூட்டத்தில், மச்சினனின் டிரம் இடிக்கிற இடியில், அது போதும். காதில் விழுவது டொம். நெஞ்சில் விழுவதும் டொம். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

கேட்டது மகள்தான்.

மொபைல் கடையில் வேலை செய்கிற பெண். சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். அம்மாவைப் பற்றிய பாட்டு. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் ராத்திரி வேலை பார்க்கிறாள், பகலில் தூங்குவாள். அவள் தூங்கும்போது அந்த வீடே எப்படிக் கால் விரலில் நடக்கிறது, தட்டு எப்படிச் சத்தமில்லாமல் கழுவப்படுகிறது, அப்பா எப்படி இருமலை விழுங்குகிறார் என்பதுதான் பாட்டு. அதை முறையாகப் பதிவு செய்ய ஒரு ஸ்டுடியோவில் ஒரே ஒரு காலைப் பொழுது கிடைத்தது. மத்தியானத்துக்கு மேல் வேறு ஆட்கள் வந்துவிடுவார்கள். "பேஸ் யாரு?" என்று அங்கே கேட்டபோது, "எங்கப்பா" என்று சொல்லிவிட்டு வந்தாள். கேட்டுக்கொண்டா சொன்னாள்? வந்து சொன்னாள், அவ்வளவுதான்.

ஒத்திகையை அவள் போனில் பதிவு செய்து கேட்டாள். டிரம் இல்லாமல், அப்பாவின் கிட்டாரை மட்டும்.

"அப்பா, நீங்க ரெண்டாவது கம்பிய வாசிக்கும்போது கூடவே ஒண்ணு உறுமுது."

"எது?"

"மேல இருக்கிற தடிக் கம்பி. நீங்க தொடவே இல்ல. அதுவா அதிருது. மத்தவங்கல்லாம் கட்டைவிரல அது மேல சாய்ச்சு வெச்சுக்கறாங்க, பாருங்க." போனில் யாரோ ஒருவரின் கையைக் காட்டினாள். விரல்கள் கீழே நடக்க, கட்டைவிரல் தடிக் கம்பியின் மேல் பூனை மாதிரி படுத்திருந்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் சாயங்காலம் மச்சினனின் ஷெட்டில் உட்கார்ந்து, ஸ்பீக்கர் பெட்டியின் சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிக்கொண்டு, கையில் இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு இழுத்து, கட்டைவிரலைக் கம்பியின் மேல் அழுத்தி அழுத்தி உட்கார வைத்தார். சில நாளில் பிடிபட்டது. சந்தோஷமாகக்கூட இருந்தது. பழக்கம் ஷெட்டோடு நிற்காது, குடோன் வரைக்கும் கூடவே நடந்து வரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்குப் போனதும் நகத்தைப் பார்த்து மகள் பதறினாள்.

"கதவுல மாட்டிக்கிச்சு," என்றார்.

"எந்தக் கதவு?"

"எல்லாக் கதவும் ஒண்ணுதான். போய் வேலையப் பாரு."

உள்ளே மனைவி வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கண்ணாடி வழியாக அவர் விரலைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். போகும்போது, "உங்க கைதான் நம்ம வீடு. பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவளுக்கு எப்போதும் கொஞ்சம்தான் பேச்சு. மிச்சத்தைத் தூக்கத்துக்கு எடுத்து வைத்துக்கொள்வாள்.

டொம்மு அன்றே முடிவு கட்டிவிட்டார். கட்டைவிரலுக்கு இனி பாடம் கிடையாது. அது பழையபடி அந்தரத்திலேயே நிற்கட்டும். உறுமினால் உறுமட்டும். ஸ்டுடியோவில் எவ்வளவோ மெஷின் இருக்கும், எதையாவது அமுக்கிச் சரி செய்துகொள்வார்கள்.

ஸ்டுடியோவில் எவ்வளவோ மெஷின் இருந்தது. உறுமலைச் சரி செய்கிற மெஷின் மட்டும் இல்லை.

சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்த அறை. கதவைச் சாத்தியதும் காது அடைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. டொம்முவுக்குத் தன் மூச்சே யாரோ பக்கத்தில் நின்று விடுவது போலக் கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம், அவ்வளவுதான். மச்சினன் தன் டிரம்மை முன்னாலேயே அடித்து முடித்துவிட்டு, மூலை சோபாவில் சாய்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

முதல் முறை வாசித்து முடித்ததும் சவுண்டுக்காரர் அதைத் திருப்பிப் போட்டார்.

டொம்மு தன் வாசிப்பை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான். ஒவ்வொரு டொம்முக்கும் முன்னால் 'டக்' என்று விரல் கம்பியை அடிக்கும் சத்தம். பின்னால், விடாமல், தூரத்தில் லாரி நின்று எஞ்சினை அணைக்காமல் இருக்கிற மாதிரி ஓர் உறுமல். அதற்கு மேல் மகளின் குரல், தூங்குகிற அம்மாவைப் பற்றி. அவருக்குக் காது மடல் சுட்டது.

"அண்ணே, மேல் கம்பி ரிங் ஆகுது," என்றார் சவுண்டுக்காரர், மைக்கில். "கட்டைவிரல அது மேல கொஞ்சம் வெச்சுக்கோங்களேன்."

"ஷெட்டுல வெச்சீங்களேப்பா!" என்றாள் மகள்.

வைத்தார். வைத்த விரல் முதல் வரி தாண்டுவதற்குள் எழுந்துகொண்டது. மறுபடி வைத்தார். பாட்டு ஏறுகிற இடத்தில், கை பலம் கொடுக்கிற இடத்தில், யாரோ சுட்ட மாதிரி அது விலகியது. இன்னொரு முறை. இன்னொரு முறை. விரலைப் பார்த்துக்கொண்டே வாசித்தால் தாளம் போனது. தாளத்தைப் பார்த்தால் விரல் போனது.

கம்பிகளுக்கு அடியில் ஒரு துண்டு பஞ்சைச் செருகிப் பார்த்தார் சவுண்டுக்காரர். உறுமல் நின்றது, கூடவே உயிரும் நின்றது. தலையணைக்குள் முகத்தை வைத்துப் பேசுகிற மாதிரி இருந்தது. பஞ்சை எடுத்துவிட்டார்கள்.

"மாமா, விரல்ல பசை வேணா தடவிக்கறீங்களா?" என்றான் மச்சினன் பிஸ்கட்டோடு.

"உன் வாய்ல தடவு."

சவுண்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "தப்பா நெனைக்காதீங்கண்ணே. நமக்கு வழக்கமா வாசிக்கிறவர் ஒருத்தர் இருக்கார். பக்கத்துலதான். வரச் சொல்லி வைக்கட்டுமா? தேவைப்படலன்னா டீ குடிச்சிட்டுப் போவார்" என்றார்.

டொம்மு தலையாட்டினார். தலையாட்டியது அவர்தானா என்று அவருக்கே நிச்சயமில்லை.

வெளியே நடைபாதையில் டீ மெஷின் இருந்தது. மகள் பின்னாலேயே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"உங்களுக்கு இஷ்டமில்லன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்பா."

"யாரு சொன்னா இஷ்டமில்லன்னு?"

"பின்ன என்ன? போன வாரம் மாமா ஷெட்டுல அவ்ளோ நல்லா வெச்சீங்க. இங்க வந்து வேணும்னே எடுக்கற மாதிரி எடுக்கறீங்க. நான் எல்லார்கிட்டயும் எங்கப்பா எங்கப்பான்னு..." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டொம்மு வலது கையை அவள் முன்னால் நீட்டினார்.

"இது கதவு இல்ல, பாப்பா."

குடோனில் நடந்ததைச் சொன்னார். மொட்டை கத்தியதை, தான் "இல்ல" என்று சொன்னதை, விரல் இருந்ததை. கேட்டில் இருப்பவரின் பனியனையும் சொன்னார். சொல்லச் சொல்ல மகளின் முகம் மாறிக்கொண்டே போனது. கோபம் வடிந்து, அது இருந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது.

"என்னாலயா?" என்றாள்.

"உன்னால என்ன? கைக்கு ரெண்டு முதலாளி. ஒருத்தர் உக்காருங்கறார், இன்னொருத்தர் எழுந்திருங்கறார். அது பாவம், என்ன பண்ணும்?"

"வேணாம்பா. அவரே வந்து வாசிக்கட்டும். நீங்க அந்த விரல இனிமே எங்கயும் வைக்காதீங்க. எனக்குப் பாட்டே வேணாம்."

சொல்லிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், மெஷினில் ஒரு டீ பிடித்து அவர் கையில் கொடுத்தாள். மெல்லிய காகிதக் கப். விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. டொம்மு அதைச் சிந்தாமல் வாங்கிக்கொண்டார். ஊதி ஊதி ஒரு வாய் குடித்தார். அடுத்த வாய்க்குத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

கட்டைவிரல் கப்பின் மேல் உட்கார்ந்திருந்தது.

யாரும் அதை உட்காரச் சொல்லவில்லை. பயப்படாமல், விறைக்காமல், கப்பின் சூட்டை ரசித்தபடி சாய்ந்திருந்தது. கொஞ்சம் அழுத்தினாலும் காகிதம் நசுங்கி டீ கையில் கொட்டும். அது அழுத்தவில்லை. எதிர்ப்பக்கம் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அதே மாதிரி லேசாக.

கப்பைக் கீழே வைத்தார். ஓரமாகக் கிடந்த தண்ணீர்க் கேனைத் தூக்கிப் பார்த்தார். நாலு விரலும் கைப்பிடிக்குள் மாட்டிக்கொள்ள, கட்டைவிரல் தானாக விலகி அந்தரத்துக்குப் போனது. கேனை வைத்துவிட்டு மறுபடி கப்பை எடுத்தார். உட்கார்ந்தது.

"என்னப்பா பண்றீங்க?"

"இதுக்கு எடை தெரியுது பாப்பா." கப்பை அவள் பக்கம் நீட்டிக் காட்டினார். "கனம் வந்தா எழுந்திருக்குது. கனம் இல்லன்னா உக்காருது. நான்தான் அந்தக் கம்பியப் பெட்டி மாதிரி இழுத்துக்கிட்டிருக்கேன். கம்பி எது பெட்டி எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

மகள் அவரையே பார்த்தாள். "அம்மா தூங்கறப்ப கிட்டார் மேல தாடைய வெச்சுக்கிட்டு வாசிப்பீங்களே. ஸ்பீக்கர்ல போடாம."

"ஆமா. எலும்புலதான் கேக்கும்."

"அப்ப கட்டைவிரல் எங்க இருக்கும்?"

டொம்முவுக்கு நினைவில்லை. ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அவர் பார்ப்பதெல்லாம் படுக்கையறைக் கதவைத்தான்.

உள்ளே திரும்பி வந்து சவுண்டுக்காரரிடம், "தம்பி, என் காதுல என் சத்தத்த நல்லா ஏத்திடுங்க. மத்ததெல்லாம் இறக்கிடுங்க" என்றார்.

"எவ்ளோ ஏத்தட்டும்?"

"நான் தொட்டா எனக்கே பயம் வரணும்."

ஏற்றினார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆள்காட்டி விரலால் கம்பியைத் தடவிய மாத்திரத்தில் இடி விழுந்தது. டொம்மு உதட்டைக் கடித்துக்கொண்டார். இவ்வளவு சத்தமுள்ள சாமானையா இத்தனை நாள் கொக்கி போட்டு இழுத்தோம்?

கட்டைவிரலைத் தடிக் கம்பியின் மேல் வைத்தார். கறுத்த நகம் விண்ணென்றது. சவுண்டுக்காரர் கையைத் தூக்கினார்.

முதல் முறை சரியாக வரவில்லை. லேசாகத் தொடப் போய் விரல் வழுக்கியது, பாதி இடத்தில் சத்தமே இல்லை. பல வருடம் பாரம் தூக்கிய கைக்குக் குறைவாகச் செய்வதுதான் பெரிய வேலை. "பரவால்லண்ணே, இன்னொண்ணு" என்றார் சவுண்டுக்காரர். குரலில் பொறுமை கடைசி முடிச்சில் தொங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கதவு திறந்தது. தோளில் கிட்டார்ப் பையோடு ஒருவர் வந்து நின்றார். பக்கத்துலதான் என்றது நிஜமாகவே பக்கத்தில்தான் போலிருக்கிறது. அவர் பையை இறக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு டொம்முவின் கையைப் பார்த்தார். கையை மட்டும்.

டொம்முவுக்குக் கிட்டார்ப் பட்டையைக் கழற்றிவிட்டு எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. எழுந்தால் நாளைக்குக் குடோனில் விரல் பத்திரம். மகளும் வேண்டாம் என்றுதானே சொன்னாள்? யாரும் குறை சொல்லப் போவதில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

மகள் அவருக்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஹெட்போனின் ஒரு பக்கத்தை விலக்கி, அவர் காதில் மட்டும் விழுகிற மாதிரி, "விரல்?" என்றாள்.

குடோன் வார்த்தை. இப்போதுதான் நடைபாதையில் அவரிடமிருந்து கேட்டது. கண்ணில் சிரிப்பு இல்லை, பயம்தான் இருந்தது.

டொம்மு குனிந்து பார்த்தார். உட்கார்ந்திருந்தது.

"இருக்கு," என்றார்.

இந்த முறை அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை, விரலையும் பார்க்கவில்லை. அறையின் சாத்திய கதவைப் பார்த்தார். அதற்குப் பின்னால் ஒருத்தி தூங்குகிறாள். ராத்திரி முழுக்க ஈரத் துணி தூக்கிய தோள். எழுப்பிவிடக் கூடாது. ஆள்காட்டி விரல் கம்பியைத் தாண்டி வந்து மேல் கம்பியில் சாய்ந்து நின்றது. நடுவிரல் வந்தது, சாய்ந்தது. இழுக்கவில்லை. வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் பின் ஒருவராக உள்ளே வருவது போல விரல்கள் வந்தன. மெல்லிய கம்பிகளுக்கு நகரும்போது கட்டைவிரலும் கூடவே ஒரு கம்பி இறங்கி உட்கார்ந்தது. இறங்கியதே அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது.

பாட்டு ஏறுகிற இடம் நெருங்கியது. முழங்கையிலிருந்து ஒரு முறுக்கு கிளம்புவதை டொம்மு உணர்ந்தார். இழு, இழு என்றது தோள். கட்டைவிரல் நடுங்கியது. கம்பியை விட்டு மயிரிழை எழும்பியது. அவர் மூச்சைப் பிடித்தார். மகள் உதட்டசைவில் பாடிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் அவளும் உரக்கப் பாடுவதில்லை, அங்கேதான் ரொம்பத் தணித்துப் பாடுவாள். பாட்டு ஏறுவதே சத்தம் இறங்கித்தான். இத்தனை நாள் இதை அவர் கேட்டதே இல்லை, தன் டொம்முக்குள்ளேயே இருந்துவிட்டார். தோளைத் தளர்த்தினார். விரல் மறுபடி உட்கார்ந்தது.

கடைசி நாதத்தை அதிர விட்டு, பிறகு உள்ளங்கையால் எல்லாக் கம்பிகளையும் மூடினார். அறையில் ஒன்றுமே கேட்கவில்லை.

சவுண்டுக்காரர் வெறும் பேஸை மட்டும் திருப்பிப் போட்டார். எல்லாரும் உறுமலுக்காகக் காது கொடுத்தார்கள். லாரி எங்கும் நிற்கவில்லை. பை மாட்டியிருந்தவர்தான் முதலில் அசைந்தார்.

"ஏறுற இடத்துல ஒரு நோட்டு லேசா மங்குது," என்றார்.

"மங்குது," என்று ஒப்புக்கொண்டார் சவுண்டுக்காரர். "பாப்பா, நீ சொல்லு. இவர் ஒரு தடவ போட்டுக் காட்டட்டுமா?"

டொம்மு தலை நிமிரவில்லை. கம்பியின் மேல் விரலை வைத்தபடியே இருந்தார்.

"அம்மா அந்த இடத்துல புரண்டு படுத்திருப்பாங்க," என்றாள் மகள். "அது அப்படியே இருக்கட்டும்ணா."

வந்தவர் சிரித்துவிட்டார். பையை இறக்கி வைத்துவிட்டு டீ மெஷின் எங்கே என்று கேட்டார். மச்சினன் அவருக்கு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினான். அதில் ஒன்றுதான் மிச்சமிருந்தது.

மறுநாள் காலையில் டொம்மு குடோனுக்குப் போகும் வழி முழுக்கக் கையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். எடை தெரியும் என்று தெம்பாகச் சொன்னதெல்லாம் டீக் கப்பை வைத்துச் சொன்னது. பாட்டு முடிந்தது, சரி. ஆனால் விரல் எதை நினைவில் வைத்திருக்கிறது? தூக்கத்தில்கூட அது எங்கெங்கோ போய் உட்காருவதாகக் கனவு வந்திருந்தது. கேட்டில் இருந்தவர் நாலு விரலைத் தூக்கிக் காட்டினார். டொம்முவும் கை தூக்கினார், சீக்கிரமே இறக்கிக்கொண்டார்.

முதல் லாரி பின்பக்கமாக வந்து நின்றது. மொட்டை எதிர்முனைக்கு வந்தான்.

"அண்ணே, இன்னைக்காவது புத்தி கூட வந்திருக்கா, வீட்டுலயே விட்டுட்டு வந்தீங்களா?"

"தூக்குடா."

நாலு விரலையும் பட்டைக்குள் மாட்டினார். பெட்டி எழும்பியது. முழங்கை முறுகியது, தோள் இறுகியது. வரிசைக்கு நடந்தார்கள். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருட்டாக ஓர் இடைவெளி. அதற்கு நேராகப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"விரல்!" என்றான் மொட்டை.

வழக்கமாகத் தும்மல் போல வருகிற பதில் வரவில்லை. டொம்மு கழுத்தை வளைத்து, பெட்டியின் பக்கவாட்டை எட்டிப் பார்த்தார். இருட்டில் தெரியவில்லை. இன்னொரு முறை பார்த்தார்.

"அண்ணே, கனக்குது! இருக்கா, இல்லையா?"

கட்டைவிரல் எதையும் தொடாமல், கறுத்த நகத்தோடு, அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது.

"இல்ல," என்றார் டொம்மு. "இல்லடா. விடு."